புதிய மடிக்கணினியில் பழைய கம்பியில்லா மவுஸ் ஏன் இணைய மறுக்கிறது?

செந்தூலில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது: "பழைய கணினியில் நன்றாக வேலை செய்த கம்பியில்லா மவுஸ், புதிதாக வாங்கிய மடிக்கணினியில் இணையவே இல்லை. பேட்டரி மாற்றிவிட்டேன். புளூடூத்தில் தேடினால் அதன் பெயரே வரவில்லை. புதிய கணினியில் யுஎஸ்பி-சி போர்ட் மட்டுமே இருப்பதால் ஒரு ஹப் (ஒரே போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்கும் பெட்டி) வாங்கி, மவுஸோடு வந்த சிறிய ரிசீவரை அதில் செருகினேன். முதல் நாள் அம்புக்குறி விட்டு விட்டு நகர்ந்தது. வகுப்பில் புரொஜெக்டரையும் பென் டிரைவையும் அதே ஹப்பில் செருகியதும் அடியோடு நின்றுவிட்டது. மவுஸ் செத்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். உண்மைதானா?"

ஆசிரியை அவர்களே, பெரும்பாலும் உண்மையில்லை. முதல் நாள் விட்டு விட்டாவது நகர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ரிசீவரும் மவுஸும் ஒன்றையொன்று அறிந்திருந்தால்தான் அம்புக்குறி கொஞ்சமாவது அசையும். ஆகவே இரண்டுக்கும் இடையில் ஏதோ குறுக்கிடுகிறது என்று கொள்ளலாம். நல்ல நிலையில் இருக்கும் மவுஸ்கள் குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் புளூடூத் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கம்பியில்லா மவுஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தன்னோடு வரும் யுஎஸ்பி ரிசீவரிடம் மட்டும் பேசும். இன்னொன்று, கணினிக்குள்ளேயே இருக்கும் புளூடூத்தோடு பேசும். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் பேசும் முறை வேறு. ரிசீவர் வகை மவுஸை புளூடூத் பட்டியலில் நாள் முழுக்கத் தேடினாலும் பெயர் வராது. அது பழுதின் அறிகுறி அல்ல. மவுஸைக் கவிழ்த்துப் பாருங்கள். புளூடூத் சின்னமோ, 1, 2, 3 என்ற எண்களோடு கூடிய பொத்தானோ, இணைப்பதற்கான தனிப் பொத்தானோ இல்லையென்றால், அது அநேகமாக ரிசீவரை மட்டுமே நம்பி வாழும் மவுஸ். இரண்டு முறைகளும் சேர்ந்த மவுஸ்களும் இருக்கின்றன. அவற்றில் அடியில் உள்ள சுவிட்ச் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உங்களுடையது ரிசீவர் வகை என்றே வைத்துக்கொள்வோம். எதையும் கழற்றாமல், காசு செலவழிக்காமல், மவுஸ் பிழைத்திருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இன்னொரு கணினியில் ரிசீவரை நேரடியாகச் செருகுவதுதான் அது. இன்னொரு கணினி கையில் இல்லையா? ஆண்ட்ராய்டு கைப்பேசி போதும். கைப்பேசியின் சார்ஜர் துளையில் ஓடிஜி அடாப்டரை (யுஎஸ்பி கருவிகளைக் கைப்பேசியில் செருக உதவும் சிறு இணைப்பி) மாட்டி, அதில் ரிசீவரைச் செருகி, மவுஸை அசையுங்கள். கைப்பேசித் திரையில் ஓர் அம்புக்குறி தோன்றி நகரும். தோன்றினால் மவுஸ், பேட்டரி, ரிசீவர் மூன்றும் சரி. குறை உங்கள் கணினியிலோ ஹப்பிலோதான். ஓடிஜி வசதி இல்லாத கைப்பேசிகளும் உண்டு என்பதால், ஒரு கைப்பேசியில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து மவுஸின் மீது பழி போட்டுவிட வேண்டாம். ஆசிரியர் அறையில் வேறொருவரின் கணினியில் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

ஆசிரியர் அறை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரே கடையில், ஒரே சமயத்தில், ஒரே மாதிரி மவுஸ்களைப் பலர் வாங்கியிருந்தால் ரிசீவர்கள் இடம் மாறிவிடும். மலிவு விலை மவுஸ்களில் ஒவ்வொரு ரிசீவரும் அதற்குரிய மவுஸோடு தொழிற்சாலையிலேயே இணைக்கப்பட்டு வருகிறது. பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தாலும் அடுத்தவர் மவுஸின் ரிசீவர் உங்கள் மவுஸை அறியாது. பக்கத்து மேசைக்காரரும் "என் மவுஸும் வேலை செய்யவில்லை" என்று சொன்னால், இருவரும் ரிசீவரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். திரும்பக் கிடைத்ததும் ரிசீவரின் மேலும் மவுஸின் அடியிலும் ஒரே நிறத்தில் ஒரு சொட்டு நகச்சாயம் வைத்துவிடுங்கள்.

இப்போது, உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படும் ஹப்புக்கு வருகிறேன். யுஎஸ்பி 3.0 வகைக் கருவிகள் வேலை செய்யும்போது வானொலி இரைச்சலை எழுப்புகின்றன. அந்த இரைச்சல் 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியிலும் விழுகிறது. உங்கள் மவுஸ் பேசுவதும் அதே இடத்தில்தான். இது கடைத்தெருப் பேச்சு அல்ல. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 1972-இலிருந்து நம் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஆலை நடத்தும் அதே இன்டெல்தான். ரிசீவருக்குப் பக்கத்துப் போர்ட்டில் வேகமான பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்க்கோ ஓடிக்கொண்டிருந்தால், தைப்பூசத்தன்று பத்துமலைப் படியடியில் நின்று பக்கத்தில் இருப்பவரின் பேச்சைக் கேட்க முயல்வது போன்ற நிலைதான் ரிசீவருக்கு. மவுஸ் பேசிக்கொண்டுதான் இருக்கிறது, காதில் விழவில்லை. முதல் நாள் விட்டு விட்டு நகர்ந்ததும், பென் டிரைவைச் செருகியதும் நின்றுபோனதும் இந்தக் காரணத்தோடு அப்படியே பொருந்துகின்றன.

சோதிப்பது எளிது. ஹப்பிலிருந்து பென் டிரைவையும் புரொஜெக்டர் கம்பியையும் கழற்றிவிட்டு ரிசீவரை மட்டும் விடுங்கள். மவுஸ் ஓடுகிறதா? ஓடினால் நோய் தெரிந்துவிட்டது. மருந்து, அரை மீட்டரோ ஒரு மீட்டரோ நீளமுள்ள யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி. சாதாரண யுஎஸ்பி 2.0 கம்பியே போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. ஒரு முனையை ஹப்பில் செருகி, மறுமுனையில் ரிசீவரை மாட்டி, மவுஸ் இருக்கும் பக்கமாக மேசை மேல் வையுங்கள். இரைச்சல் ஊற்றிலிருந்து ரிசீவர் தள்ளிப் போய்விடும், மவுஸுக்கும் பக்கத்தில் வந்துவிடும். புக்கிட் பிந்தாங்கில் உள்ள பிளாசா லோயாட்டுக்குப் போனால் இந்தக் கம்பி சில வெள்ளிக்குக் கிடைக்கும். புதிய மவுஸ் வாங்கினாலும், அதுவும் ரிசீவர் வகையாக இருந்து அதே ஹப்பில் பென் டிரைவுக்குப் பக்கத்தில் செருகப்பட்டால், அதே தொல்லைதான் வரும். கடைக்காரர் சொன்னதை நான் ஏற்காததற்கு இதுவே முதல் காரணம்.

ஹப்பில் இன்னொரு குறையும் இருக்கலாம். புரொஜெக்டர் இணைப்பு, பென் டிரைவ், மவுஸின் ரிசீவர் என ஹப்பில் ஓடுபவை எல்லாமே மடிக்கணினியின் ஒரே போர்ட்டிலிருந்து மின்சாரம் இழுக்கின்றன. ஹப்பில் சார்ஜர் மாட்டும் துளை இருந்தால், வகுப்பு நடக்கும்போது சார்ஜரை அதில் மாட்டிப் பாருங்கள். ரிசீவரை யுஎஸ்பி-சி போர்ட்டில் நேரடியாக மாட்ட உதவும் சிறிய அடாப்டர் ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது. ஹப் வேண்டுமா வேண்டாமா என்ற சோதனைக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

அடுக்குமாடி வீடுகளில் வேறொரு நெரிசலும் உண்டு. நான்கு பக்கச் சுவர்களுக்கு அப்பாலிருந்தும் பக்கத்து வீட்டு வைஃபை ரூட்டர்கள் 2.4-இல் கூவிக்கொண்டிருக்கும். உங்கள் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸும் தருமென்றால் மடிக்கணினியை அதற்கு மாற்றிவிடுங்கள். ரூட்டருக்கு அருகிலேயே மேசை போட்டிருந்தால் தள்ளி வையுங்கள். கணினிப் பெட்டியின் பின்புறம், இரும்பு மேசைக்கு அடியில் ரிசீவரைச் செருகுவதும் தொல்லைதான். உலோகம் அலையைத் தடுக்கும்.

அடுத்து பேட்டரி. மாற்றிவிட்டேன் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் பேட்டரி அறையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பாருங்கள். பள்ளி விடுமுறையில் மவுஸை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போகிறோம். தீர்ந்துபோன அல்கலைன் பேட்டரி உள்ளேயே கிடந்தால் கசியும். கம்பிச் சுருளின் மேல் வெள்ளையாகவோ இலேசான நீலப்பச்சையாகவோ பொடி படிந்திருக்கும். அதற்கு மேல் எத்தனை புதிய பேட்டரி போட்டாலும் மின்சாரம் ஒழுங்காகப் பாயாது. கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரப் பொருள், தோலை எரிக்கும். எனவே கையுறை போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறும் காரத்தை முறிக்கும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரு முறை துடைத்து, நன்றாக உலரவிட்டு, பேட்டரி போடுங்கள். பொடி இல்லாவிட்டாலும், நம் ஊர் ஈரப்பதத்தில் தொடுமுனைகள் மங்கிப்போவது உண்டு. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் பளிச்சென்று வரும்.

பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் விற்கும் மலிவுப் பேட்டரிகள் பெரும்பாலும் கார்பன்-சிங்க் வகை, சீக்கிரம் சோர்ந்துவிடும். திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரியின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், அல்கலைனுக்கு 1.5. பெரும்பாலான மவுஸ்கள் இரண்டிலும் ஓடும். ஆனால் சோதிக்கும்போது புதிய அல்கலைனையே போடுங்கள், ஒரு சந்தேகம் குறையும். இரண்டு பேட்டரி போடும் மவுஸில் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

அடியில் சிவப்பு விளக்கு எரியவில்லை, ஆகவே மவுஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. எல்லா மவுஸிலும் சிவப்பு ஒளி தெரியாது. பல மவுஸ்களில் இருப்பது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. கைப்பேசியின் கேமராவைத் திறந்து, குறிப்பாக முன்பக்கக் கேமராவை, மவுஸின் அடியில் உள்ள சிறு துளைக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இலேசான ஊதா நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே மின்சாரம் ஓடுகிறது. மவுஸ் தூங்கிக்கொண்டிருந்தால் ஒளி வராது, ஒரு பொத்தானை அழுத்தி எழுப்பிவிட்டுப் பாருங்கள்.

அம்புக்குறி நகரவில்லை, ஆனால் சொடுக்கினால் வேலை செய்கிறது என்றால் அது இணைப்புக் கோளாறே அல்ல. மவுஸ் கணினியோடு பேசிக்கொண்டிருக்கிறது, அசைவைத்தான் அதன் கண்ணால் காண முடியவில்லை. கண்ணாடி மேசையிலும் பளபளக்கும் பரப்பிலும் பல மவுஸ்களுக்கு இப்படி ஆகும். அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துளைக்குள் தூசியோ முடியோ சிக்கியிருந்தால் ஊதி எடுத்துவிடுங்கள்.

இனி கணினியின் பக்கம். ரிசீவரைச் செருகும்போது விண்டோஸ் ஒரு சிறு ஒலி எழுப்பும். அந்த ஒலி கேட்டால் கணினிக்கு ரிசீவர் தெரிகிறது. இன்னும் உறுதியாகப் பார்க்க, விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி, பிறகு எம் அழுத்துங்கள். டிவைஸ் மேனேஜர் திறக்கும். அதில் மவுஸ்களுக்கான பிரிவை விரித்து, எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். மடிக்கணினியின் தொடுபலகையும் அங்கே ஒரு வரியாக நிற்கலாம், அதனால்தான் எண்ணச் சொல்கிறேன். ரிசீவரைச் செருகியதும் ஒரு வரி கூடினால் கணினிக்கும் ரிசீவருக்கும் நடுவில் சிக்கல் இல்லை. அறுந்திருப்பது ரிசீவருக்கும் மவுஸுக்கும் இடைப்பட்ட தொடர்பு. வரி கூடவில்லையென்றால் போர்ட்டையும் ஹப்பையும் ரிசீவரையும் பாருங்கள்.

கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி திறந்தேன் என்று பலர் சொல்வார்கள், இரண்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்திருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் அடித்தளப் பகுதி முழுதாக அணையாது, நிலையைச் சேமித்துவைத்து அடுத்த முறை அதையே எழுப்பும். சிக்கிக்கொண்ட கோளாறும் கூடவே எழுந்து வரலாம். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். திரை அணைந்து எழுந்தபின் மட்டும் மவுஸ் வருவதில்லை என்றால், செட்டிங்ஸில் யுஎஸ்பி பகுதிக்குப் போய், பேட்டரியை மிச்சப்படுத்த யுஎஸ்பி கருவிகளை நிறுத்தும் விருப்பத்தை அணைத்துவிடுங்கள்.

இணையத்தில் தேடிக் கண்ட பக்கத்திலிருந்து "மவுஸ் டிரைவர்" (மவுஸைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) எதையும் இறக்கிப் போடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். சாதாரண மவுஸுக்குத் தேவையான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது, மேக்கிலும் அப்படியே. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு "உங்கள் மவுஸ் விண்டோஸ் 11-க்கு ஒத்துவராது" என்ற பேச்சையும் கேட்கிறேன். ரிசீவர் மவுஸைப் பொறுத்தவரை அதில் பொருளில்லை. டிரைவர் புதுப்பிப்பான் என்ற பெயரில் வரும் மென்பொருள்களால் கணினிக்குத் தீங்குதான் அதிகம்.

உங்கள் கணினி பள்ளியோ அலுவலகமோ கொடுத்ததாக இருந்தால், யுஎஸ்பி கருவிகளுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அதை நீங்கள் சரிசெய்ய முடியாது, பொறுப்பாளரிடம்தான் கேட்க வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் சில்லு கொண்ட மேக் மடிக்கணினியில், மேக் இயங்குதளத்தின் வென்ச்சுரா பதிப்பிலிருந்து, புதிய கருவியைச் செருகினால் அனுமதி கேட்கும். அவசரத்தில் மறுத்திருந்தால் ரிசீவர் வேலை செய்யாது. கழற்றிச் செருகி, அனுமதி கொடுங்கள்.

புளூடூத் மவுஸ் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு சொல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், மவுஸ் உங்களுக்குத் தெரியாமல் அதோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த அறையில் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். பழைய கணினியில் புளூடூத்தை அணைத்துவிட்டு, அடியில் உள்ள பொத்தானை விளக்கு வேகமாகச் சிமிட்டும்வரை சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, பிறகு புதிய கணினியில் தேடுங்கள். ஏற்கெனவே பெயர் பட்டியலில் இருந்தும் இணையவில்லையென்றால், அதை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். இன்றைய புளூடூத் மவுஸ்களில் பல, புளூடூத் 4.0-ஆவது இருந்தால்தான் பேசும். அதற்கு முந்தைய பழைய கணினியில் அவை தலைகாட்டாது.

ரிசீவர் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் அதிகம். மலிவு மவுஸென்றால் வழியில்லை, இரண்டும் ஒரே ஜோடி. லாஜிடெக் மவுஸ்களில் சிலவற்றுக்கு வழி உண்டு. அந்நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த யூனிஃபையிங் ரிசீவரும் 2021-இல் கொண்டுவந்த போல்ட் ரிசீவரும் ஒன்றே ஆறு கருவிகள்வரை ஏற்கும். தனியாக வாங்கி, நிறுவனத்தின் மென்பொருள் வழியே உங்கள் மவுஸை இணைத்துக்கொள்ளலாம். மவுஸில் ஆரஞ்சு நிற நட்சத்திரக் குறி இருந்தால் யூனிஃபையிங், மின்னல் குறி இருந்தால் போல்ட். ஒன்றின் மவுஸ் மற்றொன்றின் ரிசீவரோடு சேராது, கடையில் கேட்டு வாங்கும்போது கவனம்.

புதிய அல்கலைன் பேட்டரி, துடைத்த தொடுமுனை, ஹப் இல்லாமல் நேரடிப் போர்ட் என எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வெவ்வேறு கணினிகளில் அசையவில்லையென்றால்தான் கடைக்காரர் சொன்னதை நானும் ஒப்புக்கொள்வேன். அப்போது வாங்குவதானால், இனி உங்களிடம் யுஎஸ்பி-சி போர்ட் மட்டுமே இருப்பதால், புளூடூத்தும் ரிசீவரும் சேர்ந்த மவுஸாகப் பாருங்கள். வகுப்பில் புளூடூத்தில் ஓட்டினால் ஹப்பில் ஒரு போர்ட் மிச்சமாகும். பெட்டியில் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) சான்று முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், மலேசியாவில் விற்கப்படும் கம்பியில்லாக் கருவிகளுக்கு அது தேவை. கடையிலேயே பேட்டரி போட்டு, உங்கள் மடிக்கணினியில், உங்கள் ஹப்போடு ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வாங்கிச் சில நாளிலேயே மக்கர் செய்தால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று சுவரில் ஒட்டியிருப்பதைக் கண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதங்களை அந்த அட்டை அழித்துவிடாது. பேசித் தீரவில்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அதற்கு ரசீது வேண்டும். கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் வெப்பத்தாள், காரில் போட்டுவைத்தால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.